நீலோவின் முறை

ரீக்காவுக்கு அன்று காலை எட்டு மணிக்குத்தான் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்தது. இருபத்துநாலு மணி நேர டூட்டி. வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டியவள், ஒன்றரை மணி நேரம் பனியில் காரோட்டித் தம்பி இருக்கும் லியெக்சா ஊருக்கு வந்து, ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் உடை மாற்றும் அறையில் ஸ்டெதாஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தம்பி என்று ஒருத்தன் இருந்துவிட்டால் வேறென்ன செய்வது.

தம்பி கிம்மோ டயர் கடைக்காரன். மூன்று வருடமாக அவனுக்கு ஒரே பேச்சு: கூண்டுச் சண்டையைத் தலைநகர்க்காரன்தான் நடத்தவேண்டும் என்று சட்டமா, நம்ம ஊரில் நடந்தால் ஆகாதா. 'கரடிக் கூண்டு' என்று பேர் வைத்தான். ஐஸ் மேல் பலகை பரப்பி, இரண்டு பேர் உள்ளே நின்று மோத எட்டுப் பக்கக் கம்பிக் கூண்டை நிறுத்தி, எழுநூறு டிக்கெட்டையும் விற்றுவிட்டான். முதல் நிகழ்ச்சி, மொத்தம் எட்டுச் சண்டை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பாதி ஊர் அரங்கத்துக்குள் இருந்தது.

வாசலில் ஆம்புலன்ஸ் நிற்காமல் ஒரு சண்டையும் நடக்கக்கூடாது, அது விதி, அதனால் ரெண்டு வண்டி சொல்லிவை என்று ஒரு மாதம் முன்பே ரீக்கா சொல்லியிருந்தாள். "ஒண்ணு போதும்க்கா, நீ எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவ" என்றான். அன்றைக்கும் அவளுக்குக் களைப்புதான். சரி போ என்று விட்டுவிட்டாள்.

முதல் சண்டை உள்ளூர்ப் பையன் நீலோவுக்கு. மர ஆலையில் வேலை பார்க்கிறவன், இருபத்துநாலு வயது, ஆள் தொண்ணூறு கிலோ. எதிராளி எஸ்தோனியாக்காரன். இரண்டாவது சுற்றில் எஸ்தோனியாக்காரனின் முழங்கால் நீலோவின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. தள்ளாடினான், ஆனால் விழவில்லை. மூன்றாவது சுற்றில் வெளுத்து வாங்கினான். நடுவர்கள் மூன்று பேரும் நீலோ பக்கம். கையைத் தூக்கினார்கள், மைக்கைக் கொடுத்தார்கள், அம்மாவுக்கு நன்றி சொன்னான்.

தோற்றவனைத்தான் எல்லோரும் கவலையாகப் பார்த்தார்கள். கண் பன் மாதிரி வீங்கியிருந்தது, அவ்வளவுதான். "இவன் ஆலையில மரத்தையெல்லாம் கையாலதான் பொளக்கறானா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, காபியை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்து நீலோ வந்து உட்கார்ந்தான். "எப்படியிருக்கு?" என்றாள்.

"நல்லாருக்கேன் டாக்டர். என் சண்டை எப்போ?"

கிண்டல் என்று நினைத்து ரீக்கா சிரித்தாள். "முடிஞ்சிடுச்சுப்பா. நீதான் ஜெயிச்ச."

"அப்படியா," என்று முகமெல்லாம் மலர்ந்தான். அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "டாக்டர், என் சண்டை எப்போ? இன்னும் கைக்கு டேப் சுத்தலையே" என்றான். இரண்டு கையிலும் ரத்தக்கறை படிந்த டேப் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவையும் அதையே கேட்டபோது அவள் டார்ச்சைக் கீழே வைத்தாள். நாலாம் தடவை கேட்பதற்குள் வாளியில் வாந்தி எடுத்தான்.

தலையை ஸ்கேன் எடுக்க யோயென்சு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. கிம்மோவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அடுத்த ரெண்டு பேர் ஏறப்போறாங்க."

"ஏறக்கூடாது. வண்டியும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன்."

"உன் கார்ல கூட்டிட்டுப் போயேன்."

"வழியில மூச்சு நின்னா கார்ல என்ன பண்ணுவேன், ஹாரன் அடிக்கவா?"

வேறு வண்டிக்குப் போன் போட்டுப் பார்த்தான். ஒன்பதரைக்கு மேல்தான் வருமாம். பத்து மணிக்கு அரங்கத்தைக் காலி செய்துவிட வேண்டும். "மூணு வருஷம்க்கா," என்றான்.

அதற்குள் நீலோ ஸ்ட்ரெச்சரில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தான். சண்டை இருக்கிறதாம், எங்கும் வரமாட்டானாம். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"பாரு, அவனே வரமாட்டேங்கறான். நான் என்ன பண்றது?" என்றான் கிம்மோ. வெட்கம் கெட்ட பேச்சுதான், ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வேறு பிடிமானம் இல்லை.

கத்துவதற்குக்கூட ரீக்காவுக்குத் தெம்பில்லை. "ரெண்டு நிமிஷம் அவன் பக்கத்துல உக்காந்து பேசு. அப்புறம் என்னை எவ்வளவு வேணா திட்டிக்கோ."

கிம்மோ போய் உட்கார்ந்தான்.

"கிம்மோண்ணே, என் சண்டை எப்போ?"

"ஜெயிச்சிட்டடா. நான்தானே கை குலுக்கினேன்."

"அட. சந்தோஷம்ண்ணே." சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்பினான். "கிம்மோண்ணே, நீங்க எப்ப வந்தீங்க? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கு? முதல் ஷோன்னு பயமா? கவலைய விடுங்க. நான்தானே முதல்ல ஏறப்போறேன். ஜோரா ஆரம்பிச்சு வைக்கிறேன், பாருங்க."

கிம்மோ தரையைப் பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் சிவக்கும் என்று ரீக்காவுக்குத் தெரியும்.

"நீலோ, உன் சண்டையைத் தள்ளி வச்சிருக்கேன்," என்றான். "அக்கா கூடப் போய்ட்டு வா. உன் முறை வந்ததும் கூப்பிடறேன்."

"நீங்களே வருவீங்களா?"

"நானே வரேன்டா."

நீலோ சமர்த்தாகப் படுத்துக்கொண்டான். கிம்மோ அக்காவின் முகத்தைப் பார்க்காமலே எழுந்து கூண்டுப் பக்கம் போனான்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரிந்ததும், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்று ஆபரேஷன் செய்தவர் சொன்னதும் பிறகு நடந்தவை. அப்போது அவளுக்கு அதெல்லாம் தெரியாது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். மைக்கில் தம்பியின் குரல் கேட்டது. இன்று இனிச் சண்டை இல்லை, மன்னிக்கவேண்டும் என்றான். எழுநூறு பேரும் கூச்சல் போட்டார்கள். பியர்க் கோப்பைகள் பலகையில் விழுந்து உருளும் சத்தமும் கேட்டது.

நீலோ காதைக் கூர்மையாக்கினான். "கூட்டம் கத்துது டாக்டர். எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் போய்ட்டு வந்துடலாம்."

ரீக்கா ஆம்புலன்ஸுக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"காத்திருக்கட்டும்ப்பா," என்றாள். வண்டி கிளம்பியது.