நல்ல தண்ணீரில் கழுவிய பெட்டி

"தண்ணி கிண்ணி பட்டதா?" என்று அக்ரம் கேட்டார்.

"ஒரு சொட்டும் படல்ல நானா," என்றான் கில்பட். "யூஜினி பிள்ளை மாதிரிப் பாத்தவ."

யூஜினி கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

கண்டக்குழிக் கரையில் கில்பட் கட்டிய ஐஸ் பெக்டரியில் இனிச் சுவரில் பூட்ட வேண்டியது அந்த இரும்புப் பெட்டி மட்டும்தான். மோட்டர்களை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதுதான். கொன்ட்ரோல் பெனல் என்றார்கள். கட்டடத்துக்குக் கூரை போடுமுன்பே அது கொழும்பிலிருந்து வந்துவிட்டதால் வலை போடும் வாடிக்குள் வைத்திருந்தார்கள். மீன் கம்பனிக்காரர் திங்கட்கிழமை ஐஸ் கேட்டிருந்தார். இல்லையென்றால் இந்தப் பருவம் முழுக்கச் சிலாபத்து ஆளிடமே எடுப்பதாகவும் சொல்லிவிட்டார்.

தில்லையடியிலிருந்து வந்த வயரிங் வேலைக்காரர் அக்ரம் பாஸ், பெட்டியைச் சுவரில் பூட்டி, கரண்ட் கொடுக்குமுன் மீட்டரைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஈரம் காட்டுது கில்பட்."

"கடக்கரைதானே. இங்க மனுசனே ஈரமாத்தான் இருக்கிறான்."

"மனுசன்ட கதை வேற. உள்ளுக்க ஒரு பல்ப்ப எரிய விட்டு மூடி வைப்பம். நாளண்டைக்கு வந்து பாக்கிறன். அதுவரைக்கும் ஒத்தரும் கை வைக்க வாணாம். கிளைட்டன், ஒனக்குத்தான் செல்றன்."

"எனக்கென்ன விசரா?" என்றான் கில்பட்டின் தம்பி.

அக்ரமின் மோட்டார் சைக்கிள் போன பிறகு கிளைட்டன் அடுப்படிக்கு வந்தான்.

"அண்ணி, கழுவினதச் சொல்லல்லயா?"

"நீயும்தான் சொல்லல்ல."

"வாளி தூக்கினது மட்டும்தான் நான்."

பெட்டி வாடிக்குள் இருந்த நாட்களில் ஒருமுறை அதன் பொலித்தீனை அவள் விலக்கிப் பார்த்தபோது உள்ளே வேர்த்திருந்தது. திருகாணிகளில் உப்புப் பூத்திருந்தது. கடலுக்குப் போய்வந்த எஞ்சினை அந்தக் கரையில் யாரும் அப்படியே விடுவதில்லை. நல்ல தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, துருப் பிடிக்காமல் தேங்காயெண்ணெய் பூசுவார்கள். யூஜினி பெட்டிக்கும் அதையே செய்தாள். ஈரத்தை உறிஞ்ச உள்ளே வைத்திருந்த சின்னப் பொட்டலங்களை, கோழி கொத்திவிடுமென்று எறிந்தும் விட்டாள்.

"நல்லாக் காஞ்சதுதானே," என்றான் கிளைட்டன். "பல்ப்பும் எரியுது. சரி வரும்."

"வராட்டி?"

"வராட்டி கரண்ட் பெட்டியக் குளிப்பாட்டினவள் எண்டு ஊர் சிரிக்கும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

அவன் வெளியே போனான்.

சொன்ன நாளில் அக்ரம் வந்தார். இந்த முறை மீட்டர் நன்றாகவே காட்டியது.

"நான் சொன்னன்தானே," என்றான் கில்பட். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகம் விரிந்திருந்தது.

அக்ரம் பெட்டிக்குள் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார். "இதென்ன மணம்? உள்ளுக்க பலகாரம் சுட்டீங்களா?"

"பல்ப்புச் சூடு நானா. போடுங்க."

"சரி, பாப்பம். கிளைட்டன், இங்க வா. நான் மெயினப் போட்ட ஒடன நீ இந்தப் பட்டன அமத்து."

கிளைட்டன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். விரலை நீட்டியவன் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

"போட வேணாம் நானா," என்றாள் யூஜினி. "நான் அதைக் கழுவிட்டன்."

"என்னத்தால?"

"கிணத்துத் தண்ணியால. நல்ல தண்ணி. பிறகு எண்ணெய் பூசினன்."

அக்ரம் கிளைட்டனின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு சுவிட்சின் மூடியைக் கழற்றி கில்பட்டிடம் காட்டினார். செம்பு பச்சை பிடித்திருந்தது. எண்ணெயில் மணல் ஒட்டியிருந்தது.

"பல்ப்பு தண்ணியத்தான் காய வச்சிரிக்கி. உப்பு அங்கயே இரிக்கி. ஈரக்காத்துப் பட்டா திரும்பவும் கரண்ட் ஒழுகும். எப்ப வெடிக்கும், எப்ப பெட்டிக் கதவுல கரண்ட் ஏறும் எண்டு எனக்கு செல்ல ஏலா."

"மீட்டர் நல்லாத்தானே காட்டினது."

"இண்டைக்கு."

"இண்டைக்குப் போடுங்க. நாளைக்கு வாறத நான் பாத்துக்கொள்றன்."

"நீ எங்க பாக்கிற? கதவத் தொடுற இவன்தான் பாப்பான்."

கில்பட் தம்பியைப் பார்க்கவில்லை. "வேற பெட்டி எப்ப வரும்?"

"செல்லிச் செய்விக்கோணும். பருவம் முடிஞ்சிரும்."

கில்பட் மனைவியிடம் திரும்பினான். "ஏன்டி?"

"எஞ்சினப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொள்ளெண்டு நீங்கதானே சொன்னீங்க."

அக்ரம் மெயினிலிருந்து பெட்டிக்கு வந்த வயரைக் கழற்றினார். மெயின் பியூஸ்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"இது என்னோட வரட்டும். கோவிக்க வாணாம் கில்பட்."

திங்கட்கிழமை கம்பனி லொறி பெக்டரி வாசலில் நிற்காமலே கரைக்குப் போனது. பின்பக்கம் சிலாபத்து ஐஸ் உருகி, மணல் ரோட்டில் கோடு விழுந்தது.

பொழுது சாய கில்பட்டின் வள்ளம் வந்தது. கிளைட்டன் எஞ்சினைத் தூக்கி வந்து மரத்தாங்கியில் மாட்டினான். யூஜினி வழக்கம்போல் கிணற்றிலிருந்து வாளியோடும் எண்ணெய்ப் போத்தலோடும் வந்தாள்.

கில்பட் அவள் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டான்.

"நீ விடு. நான் கழுவுறன்."

அவன் ஊற்றினான். துணியால் துடைத்தான். எண்ணெய்ப் போத்தலை அவன் கேட்கவில்லை. அவள் அதைக் கையில் பிடித்தபடி, அவன் உள்ளே போகும்வரை நின்றாள்.