கோச்சோட துண்டு

அந்தத் துண்டப் பார்த்ததுமே நவ்சாத்துக்கு கொமட்டிடுச்சு. எந்தக் காலத்துலயோ வெள்ளையா இருந்திருக்கும். இப்ப தே தாரிக் டீ கலரு. யாரோட முடியோ வேற ஒட்டிக்கிட்டு கெடக்கு. வாட இருக்கே, ஊறப்போட்டு மறந்துபோன சாக்ஸ் தோத்துடும்!

மலேசியாவுல, யோங் பெங் டவுன்ல ஒரு ஹார்ட்வேர் கடை மாடியிலதான் ஜிம்மு. ஓனர் ஜெயபாலன, எல்லாரும் கோச்சுன்னுதான் கூப்பிடுவாங்க. அவருக்குப் பேரே இந்தத் துண்டாலதான். கழுத்து வலின்னு யாரு வந்தாலும் பெஞ்சுல படுக்கப்போட்டு, தாடைக்கு அடியில துண்டச் சுத்தி, சடார்னு ஒரு இழு. 'கிரேக்'னு கேக்கும். அந்தச் சத்தத்த மைக் வெச்சுப் புடிச்சு வீடியோ போடுவாரு. லைக் கொட்டும்.

நவ்சாத், அத்தா கடையில ரொட்டி சானாய்னு பரோட்டா வீசுறவன். கழுத்தெலும்புல டிஸ்க் பிதுங்கி நரம்ப அமுக்குது. வலது கையில ரெண்டு வெரலு மரத்துப்போயி மாவு நழுவுது. கை போச்சுன்னா பொழப்பு போச்சு.

பக்கத்து ஊரு குளுவாங்ல பிசியோ சௌந்தர்யா தெளிவாத்தான் சொல்லி அனுப்பினாங்க. "தாடைய நேரா பின்னால இழுத்து வைங்க. உள்ளங்கையால தலைய அமுக்குங்க, ஆனா தலை அசையக்கூடாது. கையில வலி சுருக்குன்னு எறங்குனா ஒடனே நிறுத்திடுங்க. படுத்து எழும்போது ஒருக்களிச்சு, கைய ஊணி எழுங்க. யாரையும் கழுத்துல கை வைக்க விடாதீங்க."

இந்த ஜிம்முக்கு வந்து தெனமும் செஞ்சான். கொஞ்சம் கொஞ்சமா தேவலதான். ஆனா போர் அடிச்சு சாவுறான்!

"என்ன தம்பி, ஆமை மாதிரி தலைய உள்ள இழுத்துக்கிட்டு?" கோச் சிரிச்சாரு. "வா படு. ஒரே இழுதான். ஒரு வருசம் ஜிம்மு ஃப்ரீ. உன்ன மாதிரி ஒரிஜினல் கேஸ் கெடைக்கிறதே இல்ல லா."

கூட வந்த கூட்டாளி ராமு அதுக்குள்ள போனத் தூக்கிட்டான். "போ மச்சான், நாளைக்கே நீ வைரல்!"

படுத்துட்டான். மடையன், சொன்னதும் படுத்துட்டான். ஈரத் துண்டு தாடையில ஒட்டுச்சு. மூச்ச அடக்கிக்கிட்டு துண்டப் புடிச்சுத் தள்ளினான்.

"கோச், இருங்க. கடைசியா யாருக்கு இழுத்தீங்க?"

"லாரி ஓட்டுற அங்கிளுக்கு. நீ வீடியோ பார்க்கலயா? என்னா சத்தம்!"

"இப்ப எப்படி இருக்காரு?"

"யாரு?"

"அந்த அங்கிள்தான்."

"யாருக்குத் தெரியும் லா. கையத் தூக்க முடியலன்னு சும்மா சும்மா போன் அடிச்சாரு. பிளாக் பண்ணிட்டேன். நெகட்டிவ் ஆளு."

அலமாக், அய்யய்யோ! துண்டு நாத்தம் இப்ப ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுச்சு. இந்த மனுசன் வாயிலேருந்து வந்துச்சு பாரு, அதுதான் நாத்தம். நவ்சாத் பதறாம, சௌந்தர்யா சொன்ன மாதிரியே ஒருக்களிச்சு, கைய ஊணி எழுந்தான்.

"நீ வேணாம்னா நான் படுக்கிறேன்டா," ராமு பெஞ்சுக்குத் தாவுனான். "எனக்கும் லேசா வலிக்குது. ஃப்ரீதான கோச்?"

நவ்சாத் துண்டப் புடுங்கி, தரை தொடைக்கிற அழுக்குத் தண்ணி வாளியில அமுக்கிட்டான்.

"டேய்! அது என் லக்கி துண்டுடா!"

"ஒரு ஆளோட கை போச்சு, போன் எடுக்கல. துண்டுக்கு அழுவுறியா? த்தூ!"

சொல்லிட்டு கையப் பார்த்தான். யார் யாரோ கழுத்து வேர்வை, எண்ணெய், வாளித் தண்ணி. அந்தப் பிசுபிசுப்பு அஞ்சு வெரல்லயும் தெரிஞ்சுது. மரத்துக்கெடந்த ரெண்டு வெரல்லயும், லேசாத்தான், ஆனா தெரிஞ்சுது.

ச்சை.

"ராமு, சிரிக்காதடா! சோப்பு எங்க?"