மேடம் கொடுத்த லீவு

எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும். இதைக் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னால் நியாயமாகத்தான் இருக்கிறது. மேடத்தின் மகனிடம் சொன்னால் மட்டும் ஏதோ சொத்தில் பங்கு கேட்டதுபோல் ஆகிவிடுகிறது.

"அக்கா, நீங்க இந்த வீட்டு மனுஷி. வீட்டு மனுஷிக்கு எதுக்கு லீவு?" என்பார். பேச்சில் தேன் ஒழுகும். மேடத்தின் பிறந்தநாளுக்கு மகன், மருமகள், பேத்தி எல்லோரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு மனுஷியான என் கையில்தான் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். யார் தலையையும் வெட்டாமல் நன்றாகவே எடுத்துக் கொடுத்தேன்.

என் வேலைக்கு என்ன பெயர் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மருந்துக் கடையில் நர்ஸம்மா என்கிறார்கள். வாட்ச்மேன் ஆயா என்கிறார். என்னை அனுப்பிய ஏஜென்சி, அடையாள அட்டையில் 'பராமரிப்பாளர்' என்று போட்டிருக்கிறது. மேடத்தோடு அதே வீட்டில் தங்கி, எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதுதான் வேலை. பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறி வரும். ஒரு காலத்தில் பேங்க் மேனேஜர். இப்போதும் மேனேஜர்தான், ஸ்டாஃப் நான் ஒருத்தி மட்டும்.

மகன் குடும்பம் வேறு பக்கம் இருக்கிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான். மேடத்துக்கு என்னோடு பேச ஒன்றுமில்லை. எனக்கு அவரோடு பேசத் தைரியமில்லை. தலையணை சரியில்லை என்றால் "ம்ஹும்" என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததையே பாராட்டாக எடுத்துக்கொண்டு நானும் காலத்தை ஓட்டினேன். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தால் அவர் மூச்சு எனக்குக் கேட்கும், என் மூச்சு அவருக்குக் கேட்கும். அவ்வளவுதான் எங்கள் உறவு.

லீவு கிடைத்தால் என்ன செய்வேன் என்பதற்கு என்னிடம் ஏகப்பட்ட திட்டம் இருந்தது. பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போவேன். தம்பி மகள் தலையைப் பின்னிவிடுவேன். யாரும் கூப்பிடாத ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன்.

சாயங்காலம் மேடத்தைச் சக்கர நாற்காலியில் வைத்து எதிர்ப்புறப் பூங்காவுக்குத் தள்ளிப் போவேன். என்னைப்போல் இன்னும் சிலர் அவரவர் நாற்காலியோடு வருவார்கள். எங்களுக்குள் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. டயாலிசிஸ் என்று ஒருத்தி, மறதி என்று ஒருத்தி, இடுப்பெலும்பு என்று ஒருத்தி. என்னை மேனேஜர் என்பார்கள். நாங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறோமோ அவர்களின் வியாதியோ பதவியோ எங்களுக்குப் பட்டமாக வந்து ஒட்டிக்கொள்ளும். வியாதி போனால் பட்டமும் போகும், வேலையும் போகும்.

அங்கேதான் பெல்ட்டக்காவைப் பார்த்தேன். அவரும் எங்களைப்போல் இருந்தவர்தான். கனத்த உடம்புக்காரர் ஒருவரைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. ஏஜென்சி கைகழுவிவிட்டது. இப்போது இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, எங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துப் பூங்கா பூங்காவாக அலைகிறார்.

"வாரத்துல ஒரு நாள் லீவு, அன்னைக்கு ஏஜென்சி மாத்து ஆள் அனுப்பணும். இதைத்தான் கேக்கறேன்" என்றார். "அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? 'உங்களுக்குத்தான் குடைச்சல், வேலை பாக்கறவங்க யாரும் கேக்கலையே'ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் வெச்சிருக்கேன். ஏஜென்சி ஆபீசரும் வர்றாரு. வந்து அவர் முன்னாடி கையைத் தூக்குங்கடி, போதும்."

"கூட்டத்துக்கு வர்றதுக்கே லீவு வேணுமேக்கா?" என்றாள் டயாலிசிஸ். எல்லோரும் சிரித்தோம். 

கடைசியில் நாற்காலியும் கையுமாகத்தான் போனோம். கூட்டம் நடக்க வேண்டிய மண்டபத்துக்கு வாசலில் படிக்கட்டு. பெல்ட்டக்கா தலையில் அடித்துக்கொண்டு, பின்பக்கம் வண்டி நிறுத்தும் கொட்டகைக்குக் கூட்டத்தை மாற்றினார். முன்வரிசையில் பேஷண்டுகள், பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி நாங்கள். இஸ்திரி போட்ட சட்டையில் ஆபீசர் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு வேணுங்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார் பெல்ட்டக்கா.

ஒரு கைகூட எழும்பவில்லை. எப்படி எழும்பும்? யாரை விட்டுப் போக லீவு கேட்கிறோமோ அவர்களே எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மேடத்தின் பின்னந்தலை தெரிந்தது. காலையில் நான் எடுத்த வகிடு கலையாமல் இருந்தது. ஆபீசர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கிவிட்டேன் கையை. பக்கத்தில் டயாலிசிஸ் தூக்கினாள். அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்தன.

மேடம் கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பினார். என் கையைப் பார்த்தார்.

"அன்னைக்கு... எனக்கு... யாரு?"

இரண்டு மூன்று கைகள் இறங்கின. "பேஷண்டே கேக்கறாங்க பாருங்க" என்றார் ஆபீசர்.

"அதைத்தான் சார் நாங்களும் உங்ககிட்ட கேக்கறோம்!" என்று சத்தம் போட்டார் பெல்ட்டக்கா. "ஒருத்தி போனா இன்னொருத்தி வரணும். அந்தம்மா கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. இவளைப் பாத்து ஏன் கேக்க விடறீங்க?"

ஆபீசர் மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மாற்று ஆளுக்கு நாளாகும், அதுவரை வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் ஏஜென்சிக்கு ஆட்சேபணை இல்லை என்றார். என் கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்கவும் மனமில்லை, அதை வைத்துக்கொண்டு மேடத்தின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மேடம் "ம்ஹும்" கூடச் சொல்லவில்லை. தலையணை கோணலாக இருந்தாலும் பேசாமல் படுத்திருந்தார். ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையால் தானே எடுத்துச் சாப்பிட்டார். பாதி மடியில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை நாள் நான் வெறும் சம்பளக்காரி என்று நினைத்திருந்தேன். நான் இல்லாத ஒரு நாளை நினைத்து ஒருவர் பயப்படுவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வாரம் மகனிடமிருந்து போன் வந்தது. போனை மேடத்தின் காதில் வைத்துப் பிடிப்பது நான்தான், அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்கும்.

"ஞாயிறு... நீ வா" என்றார் மேடம்.

"ஏம்மா? அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"லீவு."

"அவங்க சொல்லச் சொன்னாங்களா?"

மேடம் மூச்சை இழுத்துக்கொண்டார். "ஸ்டாஃபுக்கு... நான்தான்... லீவு குடுத்திருக்கேன். நீ... வா."

நான் போனை மறந்து அவர் முகத்தையே பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்து, "நேரா... பிடி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். எது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். "போங்கக்கா, எஞ்சாய் பண்ணுங்க" என்றார், அழாக்குறையாக. பெட்டியின் அடியில் கிடந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டேன். "இன்னைக்கா? முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா? நாங்க அவ அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டோமே" என்றான். பின்னால் அவன் மகள் செருப்பைத் தேடிக் கத்துவது கேட்டது. "சரிடா, பத்திரமா போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டேன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம் வர முடியாது என்றவள் நான். கூப்பிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம் என்றால் எனக்கென்று இருந்த ஒரே படுக்கை மேடத்தின் கட்டிலுக்குக் கீழே இருந்தது. கடைத்தெருவில் நடந்தேன். டீ குடித்தேன். ஒரு சேலையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மடிக்கச் சொன்னேன். கொட்டகையில் மேடம் கேட்டாரே, அன்னைக்கு எனக்கு யாரு என்று, அந்தக் கேள்வி இப்போது என்னிடம் வந்து நின்றது.

கால் தானாகப் பூங்காவுக்குத்தான் வந்தது. டயாலிசிஸும் மறதியும் என் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிடி இருக்கு லீவு?" என்றார்கள். "ஜோரா இருக்கு" என்றேன். அவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். தள்ள ஒன்றும் இல்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மகன் மேடத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வகிடு கோணலாக இருந்தது. சால்வை சரிந்து ஒரு முனை சக்கரத்துப் பக்கம் தொங்கியது. பாதி எழுந்துவிட்டேன்.

மேடம் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் அந்த முகம் மலர்ந்தது, அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கூப்பிட மாட்டாரா என்று இருந்தது, அதை மறைப்பானேன்.

மேடம் இடது கையை மடியிலிருந்து கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். உட்கார் என்றது கை. பிறகு மகனிடம் ஏதோ சொன்னார். என்னைக் கவனிக்காத மகன் நாற்காலியை வேறு பாதையில் திருப்பினார். போகும்போது மேடம் அந்த ஒரு கையாலேயே சால்வையை இழுத்து இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்தேன். எனக்கு இருட்டும்வரை லீவு.