தலைவர் பெயர்

வடக்குத்து என்று முகவரி போட்டால் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. அந்த ஊர்க்காரி மணிமொழியை, எம்.எஸ்ஸி. படித்தும் அது விடவில்லை. ஆகவே, நிதி கேட்கும் விண்ணப்பத்தில் தலைவர் என்ற கட்டத்தில் தன் கையாலேயே பிரவின்குமாரின் பெயரை எழுதினாள். கூடப் படித்தவன், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளை, அப்பா சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட். வேறென்ன தகுதி வேண்டும்?

"பேருதான் என்னோடது. திட்டம் பூரா உன்னோடதுதான் மணி" என்றான். நம்பினாள்.

இளைஞர்கள் நடத்தும் இயற்கைத் திட்டங்களுக்கு ஓர் அமைப்பு நிதி தருகிறது. இவள் கேட்டது தன் ஊர் ஏரிக்கு. பெண்கள் வாராவாரம் கரையைச் சுற்றி நடப்பது, பறவைகளைக் குறித்துவைப்பது, குப்பை வண்டிகளைத் தடுப்பது. நடவு வேலைக்குப் போகும் சின்னம்மாள் அத்தைதான் பதினைந்து பெண்களைச் சேர்த்துக் கொடுத்தாள். அவளுக்கு ஏரியில் குப்பை கொட்டுவது நின்றால் போதும். "நிறுத்திக் காட்டுறேன் அத்தை" என்று மணிமொழி வாக்குக் கொடுத்திருந்தாள்.

நிதி கிடைத்தது. தொடக்க விழா டவுன்ஷிப் பூங்காவில் என்றான் பிரவின். கூட்டம் முடிந்து ஏரிக்குப் போவோம் என்று இவளாக நினைத்துக்கொண்டாள். பெண்கள் அன்றைய வேலையை விட்டுவிட்டு நல்ல புடவையில் வந்தார்கள்.

மைக்கில் பூங்காவுக்கு மூலிகைத் தோட்டம் என்றார்கள், நடைபாதை என்றார்கள். ஏரியைப் பற்றிப் பேச்சே இல்லை. மணிமொழி அவனைத் தனியே இழுத்தாள்.

"ஏரி எங்கடா?"

"அங்க கார் போவாது, பாத்ரூம் கிடையாது. விருந்தாளிங்க எப்படி வருவாங்க? இடத்தை மாத்தச் சொல்லி நிதி குடுக்கறவங்களுக்கு நான்தான் மெயில் போட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"தலைவர்னு என் பேரைப் போட்டது நீதானே மணி?"

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அவன்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது. மேடைப் பேனரில், விண்ணப்பத்துக்காக அவன் ஏரிக்கரையில் எடுத்த படம். பதினைந்து பெண்கள், நடுவில் பல் தெரியச் சிரிக்கும் மணிமொழி.

சின்னம்மாள் வந்தாள். "ஏரிக்கு எப்பம்மா போறது? எல்லாம் வெயில்ல நின்னுகினு இருக்காங்க."

"போகல அத்தை. ஏமாத்திட்டான். எனக்கே இப்பதான் தெரியும்."

அத்தை பேனரைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"உன் படம்தான் பெருசா இருக்குது. உனக்குத் தெரியாமயா?"

பதில் சொல்வதற்குள் அவள் மற்றவர்களை அழைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியிருந்தாள். வாம்மா என்று ஒருத்திகூடக் கூப்பிடவில்லை.