எண்டுக்குக் கீழே மூன்று படித்துறைகள்

மஹாளய அமாவாசைக்கு ஊரே லீவு. நியூ டவுன் ஆபீசின் ஒன்பதாவது மாடியில் மாதவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பான் வரும் நாளில் யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டும். கடல் தண்ணீர் கங்கைக்குள் சுவர் மாதிரி எழும்பி ஓடி வருவதைத்தான் இந்த ஊரில் பான் என்பார்கள். இன்றைக்குப் பதினொன்று நாற்பதுக்கு வரும். அதற்கு நாற்பது நிமிடம் முன்னால் ஒவ்வொரு படித்துறைக் காவலருக்கும் தானாகவே போன் போகும். அவர் விசிலடித்து எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார். ரூபி என்ற கணினி மொழியில் எழுதிய, அந்தப் போனைப் போடுகிற நிரல் ஆறு மாதமாக மாதவியின் தலையில்.

பதினொன்று ஐந்துக்குத் திரையைப் பார்த்தாள். பதினான்கு படித்துறைகளுக்கு நேரே பச்சை. பதினேழு இருக்க வேண்டும். போன வாரம் அவள் புதிதாகச் சேர்த்த மூன்றையும் காணோம். சிவப்பாகக்கூட இல்லை, பெயரே இல்லை.

கோப்பைத் திறந்து கடைசிக்குப் போனாள். அவள் எழுதிய பதினெட்டு வரிகளும் அங்கேதான் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு மேலே, முன்பு இந்த வேலையிலிருந்த குருபிரசாத் தன் ஞாபகத்துக்காக எழுதி வைத்த இரண்டு பக்கக் குறிப்பு. அதற்கும் மேலே, தனி வரியில் ஒரே ஒரு சொல். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எண்ட், இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு.

ரூபியில் ஆயிரம் பேரில் ஒருத்தர் போடுகிற சொல் அது. அதைக் கண்டதும் இயந்திரம் நிரலைப் படிப்பதை நிறுத்திவிடும். கீழே ராமஜெயம் எழுதினாலும் சரி, மளிகை லிஸ்ட் எழுதினாலும் சரி, அதற்குக் கவலையில்லை. மாதவியோ ஒரே தாவலில் கோப்பின் அடிக்குப் போய், எழுதியதை ஒட்டிவிட்டு, ஓட்டிப் பார்த்து, ஒரு பிழையும் வரவில்லை என்று சந்தோஷமாக டீ குடிக்கப் போனவள். எப்படி வரும்? படித்தால்தானே பிழை!

டீயோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டிலும் பீற்றிக்கொண்டாள். “இனிமே உன் படித்துறையும் லிஸ்ட்ல இருக்குப்பா. பான் வர்றதுக்கு முன்னாடியே விசில் அடிச்சுடுவா.” அவள் அப்பா மஹாதேவன் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டையரானவர். வருஷா வருஷம் பான் எத்தனை மணிக்கு என்று பேப்பரில் பார்த்து, அது போன பிறகே தர்ப்பணத்துக்கு ஆற்றில் இறங்குவார். “அப்படின்னா இந்தத் தடவை பேப்பர் பாக்க வேண்டாம்” என்று சிரித்தார் நேற்று. இந்நேரம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்.

நிரலை இப்போது திருத்தினாலும் பயனில்லை, போன் போகவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கைப்பேசியை எடுத்தாள். முதல் படித்துறைக் காவலர் உடனே எடுத்துவிட்டார். இரண்டாமவர் மூன்றாவது தடவையில். அப்பா போகும் படித்துறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பாவின் போன் அணைந்திருந்தது; தர்ப்பணம் முடிகிறவரை அதைச் செருப்போடு பையில் போட்டு வைத்துவிடுவார். போலீஸுக்குச் சொன்னாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மஹாளயக் கூட்டத்தில் எந்த ஆள் எப்போது போய்ச் சேருவது? வண்டி பிடித்தாலும் இங்கிருந்து ஒரு மணி நேரம். பதினொன்று இருபத்தாறு. அவசரத்தில் வேறு யாருடைய எண்ணையோ தொட்டுவிட்டாள், துண்டித்துவிட்டு மறுபடி அந்தக் காவலரை அழைத்தாள்.

பதினொன்று முப்பத்து மூன்றுக்கு, “ஹ்யாலோ?” என்றது ஒரு தூக்கக் குரல்.

“தாதா, பான் ஆஷ்சே, வந்துண்டிருக்கு! எல்லாரையும் மேல ஏத்துங்க, ஷொபாய்கே!” தமிழா வங்காளியா, எந்த மொழியில் கத்துகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. காவலர் போனை வைக்காமலே ஓடினார் போலும். விசில் கேட்டது. கூச்சல் கேட்டது. பிறகு விடாமல் விசில், விசில். திடீரென்று ஒரு பெரிய இரைச்சல், அத்தோடு போன் செத்துவிட்டது.

நாற்பத்தைந்து. ஐம்பது. மாதவி நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டுக்கு அப்பாவின் பெயர் வந்தது.

“மாதவி, உன் ப்ரோக்ராம் பிரமாதம்டி! விசில் கேட்ட உடனே ஏறிட்டேன். நான் நின்ன படிக்கு மேல நாலு படி தண்ணி! பஞ்சபாத்திரத்தை மட்டும் கங்கை எடுத்துண்டுட்டா, போகட்டும். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன், என் பொண்ணு எழுதினதாக்கும்னு.”

ஆமாம்ப்பா என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

“அது வேலை செய்யலைப்பா” என்றாள். “நான் தப்பான இடத்துல எழுதிட்டேன். இப்பத்தான் பாத்தேன். கையாலதான் அந்தக் காவலருக்குப் போன் போட்டேன், ஒன்பது தடவை.”



“ஒன்பதாவது தடவையும் அவன் எடுக்கலைன்னா?” என்றார் அப்பா.