சாரிடம் யார் சொல்வது

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய நாள் த்ராசிவுலோஸ் சார் மருந்துக் கடைக்குள் நுழைந்தபோது, உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்தவர். உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்பதுதான் அவருடைய புகாரே. சாரைப் பார்த்ததும் மருந்தில்லாமலே எழுந்துவிட்டார்.

கடைக்காரர் ப்ரோத்ரொமோஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தொந்தி, சர்க்கரை, கல்யாண வயதில் ஒரு மகள் எல்லாம் இருந்தன. ஆனாலும் சாரின் கைத்தடிச் சத்தம் வாசலில் கேட்டால், வாயில் இல்லாத சிகரெட்டை அணைக்கக் கை போகும். பதினான்கு வயதில் ஒரு செய்யுளில் ஒரு வரியை விட்டுவிட்டு ஒப்பித்ததற்காக, பனி கொட்டுகிற பள்ளி முற்றத்தில் ஒரு பாடவேளை முழுக்க நின்றவர் அவர். அந்த ஊரில் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் இப்படி ஒரு முற்றம் உண்டு. பல் வைத்தியர், நகராட்சித் தலைவர், ஏன், கோயில் பாதிரியாரே அங்கே நின்றவர்தான். சார் ஓய்வு பெற்றுவிட்டதாக அரசாங்கம் நம்பிக்கொண்டிருந்தது. ஊர் அப்படி எதையும் நம்பவில்லை.

சாரின் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருந்தது. ஏதென்ஸில் ஒரு பெரிய பேராசிரியர் பொருத்தியது. மற்றவர்களுக்கு அது நோய். சாருக்கு அது பதவி உயர்வு. அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் தினமும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டார். அதை மாத்திரை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ‘பேராசிரியரின் ஏற்பாடு’ என்பார்.

இப்போது அவர் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். பல் வைத்தியர் மெனெலாவோஸ் எழுதிக்கொடுத்த சீட்டை மேஜையில் வைத்தார். ஆன்டிபயாட்டிக். வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று வேளை.

சீட்டைப் பார்த்ததுமே ப்ரோத்ரொமோஸுக்கு ஆபத்து தெரிந்தது. இந்த மருந்து உடம்புக்குள் போனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரையின் வேகம் எகிறும். அதுவும் போன மாதம்தான் அந்த மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். காரணம் நோன்பு. சார் நோன்பைக் கடுமையாக அனுசரிப்பவர். அனுசரிப்பது ஊருக்குத் தெரிகிற அளவுக்குக் கடுமையாக. நாற்பது நாளும் எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை. கீரை ரத்தத்தைக் கட்டவைக்கப் பார்க்கும், மாத்திரை இளக்கப் பார்க்கும். சோதனையில் ரத்தம் கெட்டிப்பட்டது தெரிந்ததும் பேராசிரியர் தொலைபேசியிலேயே மாத்திரையைக் கூட்டிவிட்டார். கீரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதரிடம் கீரையைப் பற்றிப் பேசுவது அழகில்லை என்று சாரும் சொல்லவில்லை.

ப்ரோத்ரொமோஸ் சொல்ல வேண்டிய வாக்கியம் சின்னது. ‘இது ரெண்டையும் இப்படியே சேர்த்துச் சாப்பிட்டா ரத்தம் ஒழுகும், டாக்டரைக் கேட்டு அளவைக் குறைக்கணும், மூணாம் நாள் ரத்தம் பாக்கணும்.’ அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த மருந்தும், உங்க அந்த ஏற்பாடும்... சில பேருக்கு, எல்லாருக்கும்னு சொல்ல வரல, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம். சௌகரியப்பட்டா என்னிக்காவது ரத்தத்த ஒரு பார்வை பாத்துட்டா...”

“டேய், வாக்கியத்துக்கு எழுவாய் எங்கடா?” என்றார் சார். எழுந்து நின்றவர்கள் சிரித்தார்கள். “பேராசிரியர் போன மாசம்தான் பாத்து அவரே கூட்டிக் குடுத்திருக்கார். அவரத் திருத்தப் போறியா நீ?”

ப்ரோத்ரொமோஸும் சிரித்தார். மருந்தை உறையில் போட்டு, ரிப்பனும் கட்டாத குறையாக நீட்டினார்.

திங்கட்கிழமை அவர் மெனெலாவோஸுக்குப் போன் செய்தார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சார் வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டாயா என்றார். கேட்டேன், மருந்து சாப்பிடும் பழக்கமே தனக்கு இல்லை என்று சொன்னார் என்றார் மெனெலாவோஸ்.

“அவருக்கு வால்வு இருக்கறது ஊருக்கே தெரியுமேடா. நெஞ்சுல டிக்டிக்னு கேக்குமே.”

“கேட்டுச்சு. ஆனா சாரே இல்லேங்கும்போது, நான் கேட்டுச்சுன்னு சொல்லவா? நீ சொல்லேன். மருந்து உன் கடையிலதானே வாங்கினார்.”

“எழுதினது நீதானே.”

இரண்டு நரைத்த தலைகள் கால் மணி நேரம் ஒன்றை ஒன்று முன்னால் தள்ளின. கடைசியில் பேராசிரியரைக் கேட்டுவிடலாம் என்று இருவரும் நிம்மதியடைந்தார்கள். பேராசிரியரின் அலுவலகத்தில் ஒரு பதிவுக் குரல், ஈஸ்டருக்குப் பிறகு கூப்பிடச் சொன்னது. மிக மரியாதையான குரல்.

வியாழக்கிழமை காலை ப்ரோத்ரொமோஸ் சாரின் வீட்டுக்கே போனார். அடுப்படியில் சாரின் மனைவி எவாந்தியா ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிலவரம் சொன்னாள். பல் வலி வந்ததிலிருந்து மெல்ல முடியவில்லை, கீரையைத் தொடுவதில்லை, வெறும் எள் கஞ்சிதான். தலையணை உறையில் தினமும் ரத்தம். பல்லிலிருந்து என்கிறார். கையில் முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல், எங்கும் இடித்துக்கொள்ளவில்லை.

கூட்டின மாத்திரை அப்படியே இருக்க, எதிர்ப்பக்கம் இழுத்த கீரையும் போய்விட்டது.

சார் வரவேற்பறையில் மறுநாளைக்கான வாசகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வெள்ளியன்று நடுப்பகலில், கிறிஸ்துவைச் சிலுவையிலிருந்து இறக்கும் பூசையில், தீர்க்கதரிசியின் ஏட்டை வாசிப்பது பல வருஷமாக அவர் உரிமை. பாதிரியார்கள் மாறினார்கள். வாசிப்பவர் மாறவில்லை. கையில் கைக்குட்டை. அதில் ரத்தத் திட்டுகள்.

“சார், ஈறுல ரத்தம் கசியுது பாருங்க. ஹைமோராகியா...” என்று ஆரம்பித்தார் ப்ரோத்ரொமோஸ். அது பெரிய பிழை. ரத்தப்போக்கைக் குறிக்கும் அந்தச் சொல் சாருக்குப் பிடித்த சொல். அது எந்த இரண்டு பழஞ்சொற்களின் கூட்டு, பழைய வைத்தியர்கள் அதை எப்படி ஆண்டார்கள், இக்காலத்து வைத்தியர்கள் எப்படிச் சிதைக்கிறார்கள் என்று வெகுநேரம் விளக்கினார். விளக்கும்போது இரண்டு தடவை வாயைத் துடைத்துக்கொண்டார். ப்ரோத்ரொமோஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு முறை தலையாட்டவும் செய்தார். ஆட்டாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

சோதனைக்கூடம் இன்று மதியம் வரை திறந்திருக்கும் என்று ஒரு வழியாகச் சொன்னார்.

“பண்டிகை முடியட்டும்,” என்றார் சார். “போகலாம்.”

முன்பு வகுப்பிலிருந்து வெளியே போகச் சொல்வதும் அதே தொனியில்தான். ப்ரோத்ரொமோஸ் போய்விட்டார்.

வாசலில் எவாந்தியா சிவந்த கையால் அவர் சட்டையைப் பிடிக்க வந்து, சாயம் படும் என்று நிறுத்திக்கொண்டாள்.

“தம்பி, உண்மையச் சொல்லு. பயப்படணுமா?”

“கொஞ்சம் கவனமா இருக்கணும்மா.”

“கவனம்னா?”

“தலைவலின்னு சொன்னா எனக்கு ஒரு போன் போடுங்க.”

பெரிய வெள்ளி காலையில் சார் தலைவலி என்றார். எவாந்தியா போனை எடுத்தாள். நோன்பில் இன்றைக்குத் தலை வலிக்காத கிறிஸ்தவன் இந்த ஊரில் உண்டா என்று சார் கேட்டார். நியாயமான கேள்விதான். அவளுக்கே வலித்தது. போனை வைத்துவிட்டாள்.

கோயிலில் நிற்க இடமில்லை. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். சார் கறுப்பு கோட்டில், வெளுத்த முகத்தோடு வாசகப் பலகைக்கு நடந்தார். ஒரு காலை லேசாக இழுத்தார். பக்தியால் வந்த தளர்ச்சி என்று பக்கத்திலிருந்த நகராட்சித் தலைவர் முணுமுணுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து எவாந்தியா ப்ரோத்ரொமோஸைத் தேடிப் பிடித்து, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, அழுத்தி.

சார் வாசிக்கத் தொடங்கினார். முதல் சில வரிகள் வழக்கமான கணீர்க் குரல். அப்புறம் ஒரு வரியை விட்டார். திரும்பி வந்தார். வந்த வரியையே மறுபடி வாசித்தார். மூன்றாம் முறையும் அதையே வாசித்தார். இப்போது வார்த்தைகள் வாய்க்குள் கொழகொழத்தன.

ஒரு வரியை விட்டதற்காகப் பனியில் நின்ற ஊர் அது. அந்த மனிதர் ஒரு வரியை விடுவார் என்று நம்ப அங்கே யாருக்கும் துணிவில்லை. தலைகள் குனிந்தன. இதில் ஏதோ ஆழ்ந்த பொருள் இருக்கிறது, தனக்குத்தான் புரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். சில பெண்கள் அழவே தொடங்கினார்கள். மெனெலாவோஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

ப்ரோத்ரொமோஸுக்குப் புரிந்தது. மண்டைக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. கால்கள் அசையத் தயாராக இருந்தன. ஆனால் வாசகம் பாதியில் இருந்தது. சார் வாசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. முடிக்கட்டும், முடித்ததும் போகலாம் என்று நின்றார். முடிகிற வாசகமாக அது இல்லை. அதே வரி வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் யாரையோ தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, “சார், போதும், நிறுத்துங்க,” என்றார். கோயில் முழுவதும் அவரை அதட்டியது. சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பள்ளிப் பதிவேட்டையே மனப்பாடமாக வைத்திருந்த மனிதர், வாயின் ஒரு ஓரத்தால், “நீ... யாரு வீட்டுப் பையன்?” என்றார். பிறகு பலகையோடு சேர்ந்து சரிந்தார்.

ரத்தம் உறைவதற்கு ஊர்ச் சுகாதார நிலையத்தில் இருந்த ஒரே ஊசியைப் போட்டார்கள். ஆம்புலன்ஸ் மலையிறங்கி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் பிடித்தது. அங்கே பணியில் இருந்த டாக்டர் கடற்கரைப் பக்கத்துப் பெண். சாரின் முற்றத்தில் ஒருபோதும் நின்றதில்லை. என்ன மாத்திரை, எவ்வளவு, எப்போது கூட்டினார்கள், வேறென்ன மருந்து, என்ன சாப்பிட்டார் என்று எவாந்தியாவை நிற்கவைத்து மடமடவென்று கேட்டாள். இவ்வளவையும் கேட்டு முடிக்க ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு ப்ரோத்ரொமோஸ் பக்கம் திரும்பினாள்.

“நீங்க யாரு?”

“அவரோட மாணவன்.”

“மருந்துக் கடைக்காரர்னு அந்தம்மா சொன்னாங்க?”

“அதுவும்தான்,” என்றார் ப்ரோத்ரொமோஸ்.

அவள் கையிலிருந்த தாளில் அதையும் எழுதிக்கொண்டாள். ரத்தம் தண்ணீராக இருக்கிறது, உறையும் நிலைக்கு வராமல் மண்டையைத் திறக்க முடியாது, அதற்கானதை ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றாள். ரத்தம் உறையத் தொடங்கியபோது திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது.

ஈஸ்டர் முடிந்த கையோடு அடக்கம். மெனெலாவோஸ் இரங்கலுரை வாசித்தார்; ஒரு வரியும் விடவில்லை. பாதிரியார், இப்படி ஒரு நாளில், இப்படி ஒரு வாசகத்தின் நடுவில் அழைப்பு வருவது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கேட்டார். யாருக்கும் கிடைக்காது என்று ஊர் ஒப்புக்கொண்டது. சார் தன் மரணத்தை முன்பே அறிந்திருந்தார் என்றும், அந்த வரியை அதனால்தான் திரும்பத் திரும்ப வாசித்தார் என்றும், அடக்கம் முடிந்த விருந்தில் மீன் சூப்பும் பிராந்தியும் உள்ளே போன பிறகு நகராட்சித் தலைவர் கண்டுபிடித்தார். பள்ளிக்கு அவர் பெயர் வைப்பது என்று அங்கேயே முடிவானது.

எவாந்தியா கறுப்பு உடையில் ஒவ்வொரு மேஜையாகக் காபி வைத்துக்கொண்டு வந்தாள். ப்ரோத்ரொமோஸ் எழுந்து நின்றார். அவள் கோப்பையை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

“எல்லாரும் புண்ணியச் சாவுங்கறாங்க, தம்பி,” என்றாள். “நீ இன்னும் சொல்லலையே. சொல்லு, கேக்கறேன்.”

மேஜையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ப்ரோத்ரொமோஸ் வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள். காபி ஆறியது.