வழிநடையான் மறித்த பாதை

ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் செவ்வாயன்று, கமீஸ் மலைப்பாதையின் நடுவே உட்கார்ந்திருந்த ஆமை ஒன்றைப் பதினொரு ஆண்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. ஆமை உள்ளங்கை அகலம்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் அதை வழிநடையான் என்போம். பாறை இடுக்கில் ஒண்டிக்கிடந்து, ஒரு தடவைக்கு ஒரே முட்டை இடுகிற சாதி. வண்டி ஓட்டிவந்த ஆப்ராம் கடப்பாரை போட்டு நெம்பினான், கடப்பாரை வளைந்தது. சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தார்கள், டிராக்டர்தான் பின்னால் வந்தது. சுற்றிப் போகவும் வழியில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

ஆப்ராமின் பிக்கப்பில் அவன் அக்கா சார்லினாவின் பாய்க்குடிசை மொத்தமும் பிரித்து ஏற்றியிருந்தது: கோரைப்பாய்கள், வளைத்த கழிகள், இரும்புச் சட்டி. அவள் புருஷன் செத்து ஒரு வருடம். மலையில் தனியாகக் கிடந்து செத்தால் யாருக்குத் தெரியும் என்று, தம்பி அவளை ஸ்பிரிங்பாக் நகரத்துக்கு, தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிப்போகிறான். ஆடுகளை அடுத்த பட்டிக்காரரிடம் விட்டாயிற்று. சார்லினா மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் எதற்குமே அப்படிச் சொன்னவள் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் ஆண்கள் வண்டி நிழலில் தணல்ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஆமை வெயிலில் காய்கிறதே என்று சார்லினா அதற்குத் தின்ன ஓர் இலையோடு போய்க் குனிந்தாள். கை பட்டதும் ஆமை பஞ்சுபோல எழும்பி வந்தது. ஓரமாக வைத்தால் போதும், வண்டி கிளம்பிவிடும். அது காலை உதைத்துக் காற்றில் நடந்துகொண்டிருந்தது. பின்னறைக்கு ஒரே ஜன்னல், அதற்கெதிரே அடுத்த வீட்டுச் சுவர் என்று தம்பி பெண்டாட்டி சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆமையை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

ஆப்ராம் பார்த்துவிட்டான்.

"தூக்குனியேக்கா."

"தூக்குனேன்."

"அப்புறம் ஏன் திரும்ப வச்ச?"

"நான் வரலடா."

அவன் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினான்.

"இத வீட்டுலயே சொல்லியிருந்தா கழியெல்லாம் ஏத்தியிருக்க வேண்டாம்ல" என்றான்.

வந்த வழியே வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் குடிசை நின்றுவிட்டது. மறுநாள் ஆடுகளும் வந்துசேர்ந்தன. அதற்குப் பிறகு ஒன்பது வருடம். அந்தப் பக்கத்து வண்டிகள் ஆமைக்கு அப்பால் நிற்கும், இந்தப் பக்கத்து வண்டிகள் இப்பால் நிற்கும். ஜனங்கள் இறங்கி, மூட்டையை மாற்றிக்கொண்டு போவார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும் ஆப்ராமும் அப்படித்தான். புதிதாக வருகிறவர்கள் மட்டும் ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார்கள். முடியாது என்று தெரிந்ததும் அவர்களும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.